இரண்டு துவக்குகள்

1

இந்தக் கதை நான் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் உண்டானது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, 'கதை எழுதுகிறாளாம், ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை' என்று சிரிப்பதைவிட இது மேல்.

அந்தச் சொல், துவக்கு.

நான் ஈரோட்டுக்காரி. எங்கள் பக்கம் துவக்கு என்றால் ஆரம்பி என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் துவக்கு என்றால் துப்பாக்கி. 2005 ஜனவரி வரை இது எனக்குத் தெரியாது. அப்போது நான் ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடம். டோர்ட்மண்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. வாடகை குறைவு என்று பக்கத்து ஊரான ஹம்மில் குடியிருந்தேன். தினமும் காலையில் ரயில் பிடிக்க வேண்டும்.

ஹம்மில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் கொறற்றி அக்காவின் கடை இருந்தது. பேப்பர், புகையிலை, காபி, காலையில் சூடாக ப்ரோட்ஷன் என்கிற குட்டி ரொட்டி விற்கும் கியோஸ்க். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், அவ்வளவுதான் அகலம். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். தமிழ் பேசும் முகம் என்று பார்த்தவுடன் கண்டுபிடித்து, முதல் நாள் காபிக்குக் காசு வாங்க மறுத்தவர்.

(பெயரைப் பற்றி. கொறற்றி என்பது ஒரு புனிதையின் பெயர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். நான் முதலில் அதை ஏதோ வீட்டுப் பெயர் என்று நினைத்தேன். கதையில் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டபோது, "என்ர பேருக்கு என்ன குறை? எங்கட சனம் கதை வாசிக்கிறேல்லை பிள்ளை, பயப்பிடாதேங்கோ" என்றார். தமிழ் இலக்கியத்தின் நிலையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.)

2

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. காபிக் கப்புக்கு மூடி போட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள், இன்ரநெற் எல்லாம் பாக்கிறனீங்கள். எனக்கொரு துவக்கு வேணும். எது நல்லதெண்டு பாத்துச் சொல்லுவீங்களோ?"

முந்தின வாரம்தான், மாதா கோயில் திருவிழா மலருக்கு 'நான் வந்த கதை' என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறார்கள், எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டிருந்தார். ஆகவே எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. துவக்கம் என்பதைத்தான் துவக்கு என்கிறார், யாழ்ப்பாணத்தில் கடைசி எழுத்தைச் சாப்பிட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு இலக்கண விதியும் போட்டுக்கொண்டேன்.

"எவ்ளோ பெருசா வேணும்க்கா?"

"பெரிசு வேண்டாம். சின்னனா, அடக்கமா இருந்தால் காணும்."

"சாஃப்டா இருக்கணுமா, எடுத்த உடனே ஷாக் குடுக்கணுமா?"

"எடுத்த உடனை அதிரோணும் பிள்ளை. மற்றாள் அப்பிடியே நிக்கோணும்."

"பண்ணிரலாம்."

"ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

வேறொருவர் எழுதிக் கொடுத்தது தெரியக் கூடாது என்கிறார், நியாயம்தானே என்று நினைத்தேன். அன்று ரயிலிலேயே எழுத ஆரம்பித்தேன். மறுநாள் ஒரு தாளில் இரண்டு துவக்கங்களை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். முதலாவது: 'நான் இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பையும் வயிற்றில் ஒரு பிள்ளையும் இருந்தன.' இரண்டாவது: 'நான் முதலில் கற்றுக்கொண்ட ஜெர்மன் சொல், பொறு.'

கொறற்றி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இதென்ன பிள்ளை?"

"நீங்க கேட்ட துவக்குதாங்க்கா. ரெண்டு ஆப்ஷன் குடுத்திருக்கேன். எது புடிச்சிருக்கோ எடுத்துக்கோங்க."

அவர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வரிசையில் நின்ற ஜெர்மன்காரப் பெண்மணி பொறுமையாகக் காத்திருந்தாள். "ஐயோ என்ர மாதாவே! சுடுற துவக்கு பிள்ளை, சுடுற துவக்கு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நல்லவேளை, அந்தத் தெருவில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான், நானும் அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தேன்.

(அடிக்குறிப்பு: கட்டுரைக்கு இரண்டாவது துவக்கத்தை வைத்துக்கொண்டார். மலர் வந்தது. பாராட்டினார்களாம்.)

3

இனி இந்தக் கதைக்கு நான் எழுதிக் கைவிட்ட துவக்கங்கள். கிழித்துப் போட மனசில்லாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

அ) பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நவம்பர் விடிகாலையில் —

(அன்று பனி இல்லை. தூறல்தான். ஜெர்மனியில் நடக்கும் கதை என்றால் பனியில் ஆரம்பிக்கிற வியாதி நமக்கு இருக்கிறது.)

ஆ) ரிவால்வரில் தோட்டாக்கள் ஓர் உருளைக்குள் வட்டமாக உட்கார்ந்திருக்கும், பிஸ்டலில் கைப்பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒரு தடவை சுட்டதும் அடுத்தது தானாகவே மேலே —

(இது கையேடு. ஆனால் இந்தத் தகவல் பிறகு தேவைப்படும் என்பதால் அழிக்கவில்லை.)

இ) அவன் கத்தியை இடது கையில் பிடித்திருந்தான்.

(இதுதான் இருப்பதில் நல்லது. விவரம் தெரிந்த எவரும் இதைத்தான் வைப்பார்கள். ஆனால் இந்த ஒரு வரியைச் சொல்லக் கொறற்றி அக்காவுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதை எடுத்த எடுப்பில் உங்கள் கையில் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.)

4

நடந்தது இதுதான். 2004 நவம்பர், காலை ஐந்தரை மணி. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுப் பேப்பர்க் கட்டுகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவன் குனிந்து உள்ளே வந்தான். தொப்பி, மூக்குவரை மஃப்ளர், கத்தி. 'சீக்கிரம், சீக்கிரம்' என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. வலது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றான், கட்டைவிரலை உள்ளே மடக்கி. கல்லாவில் இருந்ததை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கத்திப் பிடியால் அவர் தோளில் ஓர் இடி இடித்துவிட்டுப் போனான்.

"நான் குடுத்திட்டன்தானே பிள்ளை," என்றார் என்னிடம். "பிறகேன் இடிச்சவன்?"

மற்றதையெல்லாம் அவர் ஒருவிதமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்த இடிக்குத்தான் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது, மரியாதையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. ஆள் அகப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு ஒரு புது வாடிக்கையாளன் வந்தான். தினமும் ஐந்தே முக்காலுக்கு வருவான். ஒரு பாக்கெட் புகையிலை, ஒரு ப்ரோட்ஷன். தொப்பி போட்டிருப்பான். சில்லறையை இடது கையால் கொடுப்பான். வலது கையை மேசையில் ஊன்றும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்வான்.

கொறற்றி அக்கா போலீசுக்குப் போனார். எத்தனை சதவீதம் உறுதி என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுபது என்றார். எழுபதை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"நூறுன்னு சொல்லியிருக்கலாமேக்கா."

"ஒருத்தன்ர சீவியம் பிள்ளை. எழுபதை நூறெண்டு சொல்ல ஏலாது."

மீதி முப்பதுக்காக அவர் தினமும் காலையில் அவனுக்குப் புகையிலை எடுத்துக் கொடுத்தார். முதல் ரயிலுக்குப் போகிறவர்களை வைத்துத்தான் கடையே நடந்தது. அதனால் ஐந்தரைக்குத் திறந்தே ஆக வேண்டும். கணவர் இறந்து ஆறு வருடம். மகள் ம்யூன்ஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. பதினோரு வருடம் ஆஸ்பத்திரி லாண்டரியில் ஈரத் துணியோடு நின்றுவிட்டு எடுத்த கடை அது. அதை மூடினால் திரும்பவும் லாண்டரிதான்.

என்னிடம் ஏன் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு என்னைவிடப் பத்து மடங்கு ஜெர்மன் தெரியும்.

"எங்கட சனத்திட்டக் கேக்க ஏலாது. கொறற்றி துவக்கு வாங்கினவளெண்டு ஒராளுக்குத் தெரிஞ்சால் காணும். பின்னேரத்துக்கிடையில டோர்ட்மண்ட் முழுக்க, நான் எந்த இயக்கமெண்டு கதைக்கத் தொடங்கிடுவினம். நீங்கள் இந்தியா. உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

கடைசி வாக்கியம் பாராட்டா வசவா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

5

நான் டெஸ்டர். இரண்டு பொருளைக் கொடுத்தால் எக்செல் அட்டவணை போடுவேன். போட்டேன். இடது பத்தியில் ரிவால்வர், வலது பத்தியில் பிஸ்டல்.

துப்பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே நிபுணர் எங்கள் ஆபீஸ் சிவராம். கோயம்புத்தூர்க்காரன். வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஆனால் அமெரிக்க இணைய மன்றங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவன்.

"ரிவால்வர்தான் வசு. ஜாமே ஆகாது. ஒரு ரவுண்டு வெடிக்கலைன்னா திரும்ப ட்ரிகரை இழு, அடுத்தது வந்துரும். சேஃப்டி லீவரை மறந்துட்டேன்ங்கிற பேச்சே இல்ல." சாப்பிட்டுவிட்டு வந்ததும் கட்சி மாறினான். "ஆனா ட்ரிகர் ஹெவியா இருக்கும். பிஸ்டல்னா லேசா தொட்டா போதும். ரவுண்ட்ஸும் அதிகம். ஆமா, யாருக்கு?"

"ஒரு கதைக்கு," என்றேன்.

கவனியுங்கள், இந்தக் கதை பிறந்த இடம் உண்மையில் இதுதான். முதல் பகுதியில் சொன்னது பாதி உண்மை. கதைக்கு என்று பொய் சொன்னேன். அன்று சாயந்திரம் ரயிலில் உட்கார்ந்தபோது, பொய்யாக ஏன் இருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு கொறற்றி அக்கா சொன்ன எதையும் நான் வெறும் காதால் கேட்கவில்லை.

நிஜத் துப்பாக்கி இந்த நாட்டில் நினைத்தால் வாங்கக்கூடியதல்ல என்றும், கிடைப்பது குண்டில்லாத வகைதான் என்றும் அவரிடம் விளக்கினேன். பார்க்க அச்சு அசலாக இருக்கும். வெடிச்சத்தம் வரும், வேண்டுமானால் கண்ணீர்ப்புகையும் வரும். பதினெட்டு வயதானதற்கு அடையாள அட்டை காட்டினால் போதும். வெளியில் கொண்டு திரிவதற்குத்தான் ஒரு சின்ன உரிமம் வேண்டும். சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ள அதுவும் வேண்டாம்.

"நல்லது. நிசத் துவக்கு எனக்கும் வேண்டாம்," என்றார். "அதை எனக்குத் தெரியும். முன்னால நிண்டு தெரியும். மூண்டு தரம் நிண்டனான். பின்னால நிண்டதில்லை."

அந்த மூன்று தடவை என்னவென்று நான் கேட்கவில்லை. பண்பு என்று நினைக்காதீர்கள். மூன்று சம்பவங்களைச் சேர்த்தால் கதை நீண்டுவிடுமே என்றுதான் யோசித்தேன். இப்போது அதற்கு வெட்கப்படுகிறேன்.

6

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டோர்ட்மண்டில் அந்தக் கடைக்குப் போனோம். வேட்டைத் தொப்பிகள், மீன்பிடி பூட்ஸ்கள், கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பாக வரிசை. நரைத்த மீசைக்காரர் ஒருவர் விற்பனைக்கு நின்றார். எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றார். கடையில் என்றார் கொறற்றி அக்கா. எவ்வளவு பெரிய கடை? கொறற்றி அக்கா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

மீசைக்காரர் என்னவோ சொல்ல, அக்கா சிரித்துவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார். "அந்த இடத்துக்குள்ள புகையடிச்சால் கள்ளனும் நானும் கட்டிப்பிடிச்சு அழவேண்டியதுதானாம். சத்தம் மட்டும் காணுமாம்."

முதலில் பிஸ்டலைக் கொடுத்தார். தட்டையாக, அடக்கமாக இருந்தது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் முதல் தோட்டா ஏறும். அக்காவால் இழுக்க முடியவில்லை. லாண்டரியில் வேலை செய்த மணிக்கட்டு. அதனால் என்ன, கடைக்கு வந்தவுடன் ஒரு தடவை யாரையாவது இழுத்து வைக்கச் சொல்லிப் பூட்டிவிடுங்கள், வேண்டும்போது கட்டைவிரலால் பூட்டைத் தட்டி லேசாக அழுத்தினால் போதும் என்றார் மீசைக்காரர். அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. "இது லாச்சிக்குள்ள வடிவா அடங்கும்," என்றார். லாச்சி என்றால் மேசை இழுப்பறை. இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், எனக்கும் புத்தி வந்திருந்தது.

பிறகு ரிவால்வர். இழுக்க, பூட்ட எதுவும் இல்லை. ஆனால் விசை கனம். அக்கா ஒரு விரலால் முயன்றார், அசையவில்லை. இரண்டு கை விரல்களையும் சேர்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். உருளை மெதுவாகச் சுற்றி, சுத்தியல் எழுந்து, டக்கென்று விழுந்தது. மேலே இருக்கும் சுத்தியலை முதலில் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் விசை லேசாகிவிடும், பழகிக்கொள்ளுங்கள் என்றார் மீசைக்காரர்.

அக்கா இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை. எது?"

நான் ரிவால்வர் என்றேன்.

காரணங்கள் சொன்னேன். சிக்காது, ஒன்று வெடிக்காவிட்டால் அடுத்தது வரும், அவசரத்தில் பூட்டை மறந்துவிடுவோமோ என்ற பயமில்லை. எல்லாம் அட்டவணையில் இருந்த காரணங்கள், எதுவும் பொய்யில்லை. அவர் கைக்கு எது பொருந்துகிறது என்பதற்கு மட்டும் அட்டவணையில் பத்தி இல்லை. கண்ணெதிரே பார்த்தேன், இருந்தும் சேர்க்கவில்லை. ஏனென்றால் உருளை சுற்றியதையும் சுத்தியல் எழுந்ததையும் பார்த்த அந்த நொடியில், கதைப் பத்திகள் எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டன. பிஸ்டலை வைத்து ஒரு வரி எழுத வராது. ரிவால்வரை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதலாம்.

அவர் என்னை நம்பி வாங்கினார்.

7

அந்தத் தொப்பிக்காரனைப் பற்றி எழுத வேண்டும். முடியவில்லை.

முதலில் குற்றவாளியாக எழுதிப் பார்த்தேன். திருடிய கடைக்கே தினமும் வருகிறவன், பயத்தைப் பார்த்து ரசிக்கிறவன். எழுதிய மறுநாள் அவனைப் பார்ப்பதற்கென்றே ஐந்தே முக்காலுக்குப் போய் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது. சரி, இரவு வேலை முடித்து வருகிற தொழிலாளி, இடதுகைப் பழக்கம் என்பதைத் தவிர ஒரு பாவமும் அறியாதவன் என்று மாற்றி எழுதினேன். அதற்கு மறுநாள் அவன் தன் புகையிலையை எடுத்துக்கொண்டு, கொறற்றி அக்காவின் தோளைப் பார்த்தான். அந்த இடிபட்ட தோளை. அல்லது அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியை. என்னால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

பெயர் வைத்தால் மனிதனாகிவிடுவான், வைக்காவிட்டால் பூதமாகிவிடுவான். ஆகவே 'தொப்பிக்காரன்' என்ற அக்காவின் சொல்லையே வைத்துக்கொண்டேன். நடுநிலை என்று நான் இதற்குப் பெயர் சொல்லிக்கொள்ளலாம். பயம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

8

மார்ச் முதல் வாரம். எங்கள் மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தின நாள், நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆபீஸ் போக வேண்டியிருந்தது. ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. மழைக்கோட்டின் தலைமூடியைக் கண்வரை இழுத்துவிட்டு, மூக்கைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு வந்தேன். கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. காபி வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று குனிந்து உள்ளே நுழைந்தேன்.

நான் என்ன செய்துவிட்டேன் என்பது நிமிரும்வரை எனக்கு உறைக்கவில்லை.

கொறற்றி அக்கா இரண்டு கைகளாலும் ரிவால்வரைப் பிடித்திருந்தார். அது என் மூக்குக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. இரண்டு விரல்களும் விசையில் இருந்தன. உருளை சுற்ற ஆரம்பித்ததைப் பார்த்தேன். நான் எழுத ஆசைப்பட்ட அதே சுற்றல். எனக்குள் எந்தப் பத்தியும் ஓடவில்லை. அம்மா என்றுகூடச் சொல்ல வரவில்லை. சுத்தியல் பாதி எழுந்தது. விசை அதற்குமேல் வரவில்லை.

"அக்கா, நான் வசு! வசுந்தரா!"

"ஆர்?"

"வசு அக்கா!"

ரிவால்வர் மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் பேப்பர்க் கட்டுகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். அது குண்டில்லாத துப்பாக்கிதான். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் வெடித்தால் கண் போய்விடும் என்று அன்று மீசைக்காரர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்ததே அக்காதான்.

பிஸ்டலாக இருந்திருந்தால் லேசாகத் தொட்டாலே வெடித்திருக்கும். அவருக்குப் பொருந்தாத ஒன்றை என் சௌகரியத்துக்காக வாங்க வைத்தேன், அதனால் என் கண் தப்பியது. வந்தவன் அவனாக இருந்திருந்தால் அதே காரணத்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் யோசிக்க முடிந்தது. அவ்வளவு தெளிவாக நான் எப்போதும் யோசித்ததில்லை.

"அதைக் குடுங்க," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பிள்ளை..."

"குடுங்கக்கா. யாரையாவது கொன்னுருவீங்க."

அவர் வாதாடவில்லை. "ஓம், கொண்டுபோங்கோ," என்று பெட்டியோடு எடுத்துக் கொடுத்தார். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுப் பெட்டியை என் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தேன். அவருடைய நன்மைக்காக எடுத்தேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என் முகத்துக்கு நேரே நீண்டதால் எடுத்தேன். எனக்குக் கோபம். மூன்று தடவை அதற்கு முன்னால் நின்ற ஒருத்தியிடம், ஒரே ஒரு தடவை நின்ற நான் கோபப்பட்டேன்.

அப்போதுதான் அவன் வந்தான். ஐந்தே முக்கால். ஷட்டருக்குக் கீழே குனியாமல், வெளியிலிருந்தே இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றான். அக்கா எழுந்து ஷட்டரை முழுக்கத் தூக்கினார். புகையிலையை எடுக்கும்போது அவர் கை கடகடவென்று ஆடியது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டான்.

"ஓம்," என்றார் கொறற்றி அக்கா, தமிழில். பிறகு அவசரமாக அதையே ஜெர்மனில் சொன்னார்.

அவன் கேட்டது அக்கறையாலா, வேறு எதற்காவதா? நான் இரண்டடி தள்ளி, பையில் ரிவால்வரோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. என்னைவிடப் பக்கத்தில் நின்றவருக்கும் தெரியவில்லை. ரயிலில் டோர்ட்மண்ட் போய்ச் சேரும்வரை பையை மடியிலேயே வைத்திருந்தேன். யாராவது போலீஸ்காரர் ஏறினால் என் விசா என்ன ஆகும் என்பதுதான் வழி முழுக்க என் கவலை.

9

முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவில், தொப்பிக்காரன் வேறொரு கடையில் கத்தியோடு பிடிபடுகிறான். எழுபது நூறாகிறது. அக்கா மகளுக்குப் போன் செய்கிறார். இது எனக்கே போரடித்தது.

இரண்டாவதில், வேறு யாரோ பிடிபடுகிறான். தொப்பிக்காரன் வழக்கம்போல வருகிறான். அக்கா காசு வாங்காமல் ஒரு ப்ரோட்ஷன் கூடக் கொடுக்கிறார். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டு விட்டுவிட்டேன்.

மூன்றாவது முடிவில் நான் —

(மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது. ஆகவே இனி வருவது நான் திட்டமிட்டதல்ல.)

இது 2006 அக்டோபர். நான் வேலை மாறி ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம். ரிவால்வர் என்னோடு வந்தது, துணி அலமாரியின் மேல்தட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த ஒன்றரை வருடமும் அவன் தினமும் வந்திருக்கிறான். அவர் தினமும் வெறுங்கையோடு புகையிலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நேற்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், கொறற்றி அக்கா கூப்பிட்டார்.

"பிள்ளை, அவன் வரேல்லை."

"யாரு?"

"தொப்பிக்காரன். அஞ்சு நாளா வரேல்லை."

"நல்லதுதானேக்கா. தொல்லை விட்டுச்சு."

"இல்லைப் பிள்ளை. வரேக்குள்ள அவன் எங்க நிக்கிறானெண்டு எனக்குத் தெரியும். அஞ்சே முக்காலுக்கு என்ர கண்ணுக்கு முன்னால நிப்பான். இப்ப எங்க நிக்கிறானெண்டு தெரியேல்லை. ஷட்டரைத் தூக்கக் கை வருகுதில்லை. சுகமில்லாமல் கிடக்கிறானோ தெரியேல்லை எண்டும் யோசிக்கிறன். விசர் எனக்கு."

விசர் என்றால் பைத்தியம். நான் எழுதிக்கொண்டிருந்த தாளைத் தள்ளிவைத்தேன்.

"அந்தச் சாமான் உங்களிட்டத்தானே கிடக்கு?"

"இருக்குக்கா."

"திருப்பித் தருவீங்களோ? கட்டைவிரலால தள்ளிவிட்டிட்டு அமத்தினால் லேசெண்டு அந்தாள் சொன்னவர் எல்லே. பழகிக்கொள்ளுவன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "ஓம், யோசியுங்கோ," என்றார். அவருடைய பொருளை அவருக்குத் திருப்பிக் கொடுக்க நான் யோசிக்க வேண்டும் என்பதில் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நாளை மத்தியானம் ஹம்முக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். போவது உறுதி. பையில் அந்தப் பெட்டி இருக்குமா என்பதைத்தான் நான் எழுதப்போவதில்லை. இருந்தால், அடுத்து குனிந்து உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், அக்காவின் விரல் இந்தத் தடவை தயாராக இருக்கும். காபிக்கு அவசரப்படுகிற ஒருத்தியாகவும் இருக்கலாம், ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வருகிறவனாகவும் இருக்கலாம். இல்லாவிட்டால், எழுபதுக்கும் முப்பதுக்கும் முன்னால் அவர் மறுபடியும் வெறுங்கையோடு நிற்பார், அதுவும் நான் முடிவு செய்ததாக இருக்கும். ஒரு தடவை என் கதைக்காக அவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை என் பயத்துக்காகப் பறித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை எனக்கு வேண்டாம்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு அவரைத் தெரியும், என் அளவுக்கே தெரியும், எதையும் நான் மறைக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் கூட நிற்பேன். செவ்வாய்க்கிழமை எனக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு அவர் தனியாகத்தான் ஷட்டரைத் தூக்க வேண்டும்.